இதற்கு முன்னால் அரைத்தது

வாளியைக் கொண்டுபோய் வைத்தால் ரூக்ஸார் முதலில் ஆளைப் பார்க்க மாட்டாள். மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விடுவாள். இரண்டு நொடி. "கேவுரு, கம்பு, பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை. ஏலக்காய் மறந்துட்டீங்களா, இல்ல வேணாம்னு விட்டுட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் நிமிர்வாள். வந்தவர் பெரும்பாலும் மறந்துதான் இருப்பார். வீட்டுக்கு ஓடிப்போய் நாலு ஏலக்காயை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி வருவார்.

மாவு மில் இருப்பது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்புறம் மாதத்துக்கு ஒரு வீடு முளைக்கும் தெருக்களில் ஒன்றில். தகரக் கூரை போட்ட ஒரே அறை, உள்ளே மூன்று மிஷின்கள். ஒன்று மிளகாய்க்கும் மல்லிக்கும். அதன் பக்கம் யாரும் போவதில்லை, தும்மலே அதற்குக் காவல். இன்னொன்று ஈர அரிசிக்கு. மூன்றாவதில்தான் ஊரிலுள்ள மற்ற எல்லாம் போகும்: கோதுமை, கேழ்வரகு, கம்பு, கொள்ளு, சத்துமாவு. கணவர் மொஹ்சின் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். மிஷின் நின்றால் மட்டும் உள்ளே வருவார். மற்றபடி மில் ரூக்ஸாருடைய ராஜ்ஜியம்.

முப்பத்தாறு வயது. மொஹ்சினின் பழைய முழுக்கைச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டு, தலையைப் பருத்தித் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கு வருவாள். பதினொரு மணிக்குள் புருவமும் இமையும் நரைத்துவிடும். சாயங்காலம் வந்த புது ஆள் ஒருவர் அவளைப் "பாட்டி" என்றே கூப்பிட்டிருக்கிறார். பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "இப்பக் கூப்பிடுங்க" என்றாளாம். செல்போன் பால் கவருக்குள் இருக்கும். டீ டம்ளருக்கு மேல் எப்போதும் ஒரு மூடி. மில்லுக்குள் அவள் ஒரு வாய் தின்று யாரும் பார்த்ததில்லை, யாரையும் தின்ன விடுவதுமில்லை. காத்திருக்கிறவர் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் அவ்வளவுதான். "வெளிய போய் சாப்ட்டு, கை கழுவிட்டு வாங்க. தோல் பறக்குது." வேர்க்கடலை விளைகிற மாவட்டத்தில் இப்படியொரு சட்டம் போட நெஞ்சழுத்தம் வேண்டும்.

வரிசை என்றால் முன்னால் வந்தவருக்கு முன்னால் என்பதுதான் ஊர் வழக்கம். இங்கே அது செல்லாது. யார் எப்போது வந்தார் என்பதல்ல, யார் வாளியில் என்ன இருக்கிறது என்பதுதான் பேச்சு. காய்ந்த அரிசி முதலில். அப்புறம் கேழ்வரகு, கம்பு. பிறகு கோதுமை. வேர்க்கடலையும் முந்திரியும் போட்ட சத்துமாவு எல்லாவற்றுக்கும் கடைசி. "உங்களுது மொதல்ல போச்சுன்னா அவங்க புள்ள கஞ்சில கோதுமை சேரும். கொஞ்சம் இருங்க" என்பாள். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் பொறுமையிழந்து, "நான் யாருன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். ரூக்ஸார் அவர் பக்கம் திரும்பாமலே, "தெரியும் சார். மூணு கிலோ கொள்ளு" என்றாள்.

அவள் ஞாபகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. கீழ்பென்னாத்தூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் வெள்ளையம்மாள் ஒருநாள் மாவு டப்பாவோடு சண்டைக்கே வந்துவிட்டார். "கசக்குதும்மா. உன் மிஷினு கெட்டுப்போச்சு."

"மிஷின் கெடல பெரீம்மா. போன தடவ வெந்தயம் ஒரு பிடி போட்டீங்க. இந்தத் தடவ ரெண்டு பிடி. அரைக்கறப்பவே கல்லு சத்தம் மாறுச்சு."

வெள்ளையம்மாள் டப்பாவை மூடினார். மருமகனின் சர்க்கரை நோய்க்கு நல்லதென்று இன்னொரு பிடி போட்டது அவருக்கும் அவர் அஞ்சறைப் பெட்டிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

இதையெல்லாம் மூன்று வருஷமாகக் கூடவே நின்று பார்த்துக்கொண்டிருப்பவள் வினோதினி. நாற்பத்தெட்டு வயது, அதே தெருவில் நாலாவது வீடு, கணவர் கலெக்டர் ஆபீசில் கிளார்க். சாமி பார்க்கப் போனால் கூட இவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு ரூக்ஸாரிடம் இருப்பது வெறும் மரியாதையில்லை, பயம் கலந்த பிரமிப்பு. தன் சமையலறையில் உப்பு எந்த டப்பா, சோடா உப்பு எந்த டப்பா என்று இன்றும் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்கிற பெண்ணுக்கு, நாற்பது வீட்டு வாளியை மூக்கில் வைத்திருக்கும் இன்னொரு பெண் அதிசயமாகத் தெரிவதில் வியப்பில்லை.

வினோதினிக்கு ஒரு சின்னத் தொழில் உண்டு. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து, ரூக்ஸாரிடம் அரைத்து, அரைக் கிலோ பாக்கெட்டாகக் கஞ்சி மாவு விற்கிறாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் மேஜை போட்டு உட்காருவாள். முறையாகப் பதிவு செய்து, உணவுப் பாதுகாப்பு வகுப்புக்கும் போய் வந்தவள். அங்கே அதிகாரி இரண்டு விஷயம் சொன்னார். பால், கோதுமை, சோயா, முந்திரி, வேர்க்கடலை என்று சிலர் உடம்புக்கு ஆகாத பொருள் இருந்தால் பாக்கெட்டில் தனியாக எழுத வேண்டும். சேர்க்காவிட்டாலும், அரைக்கிற இடத்தில் கலந்துவிட வாய்ப்பிருந்தால் 'இருக்கக்கூடும்' என்று அதையும் எழுத வேண்டும். வினோதினி முதல் விஷயத்தை நோட்டில் எழுதிக்கொண்டாள். இரண்டாவது பெரிய கம்பெனிகளுக்கு என்று தானாகவே முடிவு செய்துகொண்டாள். அந்த வகுப்பிலிருந்துதான் அவளுக்கு யோசனையும் வந்தது. ஊரில் எல்லோருடைய சத்துமாவிலும் வேர்க்கடலை இருக்கிறது, தன் மாவில் இல்லை. பாக்கெட்டின் முகப்பில் பச்சை எழுத்தில் பெரிதாக அச்சடித்தாள்: 'வேர்க்கடலை சேர்க்கப்படவில்லை.' ஆயிரம் லேபிள்.

போன பௌர்ணமிக்கு அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெண் மேஜை முன்னால் நின்றாள். ஆவடியிலிருந்து மாதாமாதம் வருகிறவள், பெயர் தமிழ்செல்வி. இடுப்பைக் கட்டிக்கொண்டு ஆறு வயது மகள் எழில். "இவளுக்கு வேர்க்கடலை ஆகாதுங்க. போன வருசம் ஒரு பர்த்டேல ஸ்வீட்டை லேசா கடிச்சா. உதடு வீங்கி, மூச்சு இழுத்துக்கிச்சு. ஆம்புலன்ஸ்ல ஆக்சிஜன் வச்சுத்தான் கொண்டு போனோம். அதுலேர்ந்து வெளிய எதுவும் வாங்கறதில்ல. இது நம்பலாமா?"

"ஒரு துளி இருக்காதும்மா. நான் பொறுப்பு" என்றாள் வினோதினி.

தமிழ்செல்வி டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் கழித்துப் போன் செய்தாள். லேபிளில் எழுதியிருந்தால் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். அடுத்த பௌர்ணமிக்கு ஆறு பாக்கெட் எடுத்து வைக்கச் சொன்னாள். வினோதினிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாரம் முழுக்க அடுத்த தெருவரை அந்தச் செய்தி போய்வந்தது.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் முதல் ஆளாக வினோதினியின் கேழ்வரகு. ரூக்ஸார் அதற்கென்று மிஷினைத் தூரிகையால் துடைத்து, காற்றடித்து, மாவு விழும் வாயில் துவைத்த துணிக் குழாயைக் கட்டியிருந்தாள். இரண்டு கிலோ அரிசியை முதலில் ஓடவிட்டு, அந்த மாவைப் பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஒதுக்கினாள். "மிஷினுக்கு மறதி கெடையாதுக்கா. வேற ஒண்ணைக் குடுத்துத்தான் மறக்க வைக்கணும்" என்பாள். பிறகு இருபத்தைந்து கிலோ கேழ்வரகு. முதல் டின் நிறைந்தது. இரண்டாவது டின் நிறையும் நேரம் துணியில் மாவு மெலிந்து வந்தது. வெளியே யாரோ கூப்பிட, ரூக்ஸார் தெருவுக்குப் போனாள்.

வினோதினியின் கை தானாக எழுந்தது. மாவு மில்லுக்குப் போய்ப் பழகிய எந்தக் கைக்கும் இது தெரியும். நம் மாவில் ஒரு பிடி மிஷினுக்குள் நின்றுபோய் அடுத்தவர் டின்னில் விழுந்துவிடக் கூடாது. அதற்காகக் கடைசியில் நாலு தட்டு தட்டுவோம். அம்மா தட்டியதைப் பார்த்து மகள் தட்டுவாள், அதற்குப் பாடம் வேண்டியதில்லை. ரூக்ஸாரின் மில்லில் மட்டும் மிஷினை யாரும் தொடக் கூடாது. அது தெரிந்தும், வினோதினி தகரக் குழாயை உள்ளங்கையால் மூன்று தட்டு தட்டினாள். நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி துணி வழியாகப் பொத்தென்று டின்னில் விழுந்தது. கேழ்வரகு மாவின் நிறமில்லை, கொஞ்சம் மஞ்சளடித்திருந்தது. அவள் சட்டென்று விரலால் நசுக்கிக் கலந்துவிட்டாள்.

ரூக்ஸார் திரும்பி வந்தாள். சுவிட்சை அணைத்தாள். டின்னுக்கு மேல் குனிந்தாள், நிமிரவில்லை.

"யாருக்கா தட்டினது?"

"யாரும் தட்டலையே."

இரண்டாவது டின்னிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். நோன்பு மாதத்தில் நாக்கு விடுப்பில் இருக்கும், மூக்கும் காதும் மட்டுந்தான் வேலை பார்க்கும். இது நோன்பு மாதமில்லை. "நேத்து சாயங்காலம் அரைச்ச வெள்ளையம்மாள் பெரீம்மா மாவு. ஏலக்காய் வருது. பின்னாடியே வேர்க்கடலை வருது" என்றாள். வினோதினியும் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தாள். கேழ்வரகுதான் தெரிந்தது. இன்னொரு சிட்டிகை போட்டாள். அதே கேழ்வரகு.

"ஒரு கட்டி தானம்மா. பத்துக் கிலோவுல அது எங்க தெரியப் போவுது? இத்தினி வருசமா அரைக்கிற, யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருக்குதா?"

"ஆனாத்தான் பாக்கணுமா அக்கா?"

"இந்த டின்னை வீட்டுக்கு வச்சுக்குங்க, விக்காதீங்க" என்று ரூக்ஸார் அதை ஓரமாகத் தள்ளினாள். வினோதினி சமாதானத்துக்கு வந்தாள். மிஷினை இன்னொரு தரம் நன்றாகத் துடைத்துவிட்டால் போதுமே, வீட்டில் இன்னும் கேழ்வரகு இருக்கிறது, புதிதாக அரைத்துவிடலாமே என்றாள். ரூக்ஸார் டின்னின் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு வாசலில் நின்ற ஐந்து பேரிடம் போய், "மன்னிச்சுக்குங்க, இன்னிக்கி மத்தியானத்துக்கு மேலதான்" என்றாள். பௌர்ணமிக்கு முன்னால் ஊரே அரைக்க வருகிற நாள் அது. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அவள் ஸ்பேனரை எடுத்தாள்.

அதற்கப்புறம் நடந்ததை வினோதினி வாயால் கேட்க வேண்டும். ரூக்ஸார் பெல்ட்டைக் கழற்றினாள், மூடியைக் கழற்றினாள், இரண்டு ஆண்கள் தூக்க வேண்டிய அரைகல்லைத் தொடையில் தாங்கித் தனியாகவே இறக்கினாள். கல்லுக்குப் பின்னால், தூரிகையும் போகாத, காற்றும் போகாத ஒரு வளைவு. அதில் டார்ச் அடித்துக் காட்டினாள். சுவரில் பழைய சுண்ணாம்பு அடுக்கடுக்காக நிற்பதுபோல் மாவு இறுகிப் பிடித்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்துப் பேப்பரில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"இது பெரீம்மா மாவு. இது கோதுமை. இது அந்தத் தாசில்தார் சார் கொள்ளு." அடியில் இருந்த கருத்த துண்டை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள். "முந்திரி. ரம்ஜானுக்கு முன்னாடி கல்யாண வீட்டுக்காரங்க ஒருத்தங்க அரைச்சது. எண்ணெய் சிக்கு வாடை வந்துடுச்சு."

வினோதினி அந்தப் பேப்பரைப் பார்த்தபடி நின்றாள். தெருவில் ஒவ்வொரு வீட்டின் அடுப்படியும் அந்தப் பேப்பரில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அவற்றுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தி இருந்தாள். இப்படியொரு திறமையை ஊரில் ஒருவரும் பட்டம் கொடுத்துப் பாராட்டவில்லையே என்று அவளுக்கு ஆதங்கமாக இருந்தது. ஆனால் ரூக்ஸாரின் முகத்தில் பெருமை இல்லை. திருட்டுப் பிடிபட்டவள்போல் குரல் தாழ்ந்திருந்தது.

"நேத்தும் தொடைச்சேன்க்கா. முந்தாநேத்தும் தொடைச்சேன். எட்டு வருசமா தெனமும் தொடைக்கிறேன். அப்பயும் இவ்ளோ நிக்குது பாருங்க. இன்னிக்கி பூரா கழுவினாலும் நாளைக்கி சேரும். என் கண்ணுக்குத் தெரியாம எங்க எவ்ளோ இருக்குதுன்னு எனக்கே தெரியாது. இல்லன்னு எழுதறதுக்கு நான் எப்டி 'ம்' சொல்றது?"

மூக்கு, நாக்கு, காது மூன்றும் இப்படி வாய்த்த ஒருத்தி, அந்த மூன்றையும் நம்பி ஒரு குழந்தையை ஒப்படைக்க மாட்டேன் என்கிறாள். வினோதினிக்கு அதுதான் ஆகப் பெரிய அதிசயமாகப் பட்டது. பொய் அதற்கு மேல் வயிற்றில் தங்கவில்லை.

"நான்தான் தட்டினேன் ரூக்ஸார்."

"தெரியும்க்கா. மூணு தட்டு. ரெண்டாவது கொஞ்சம் ஜாஸ்தி."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவள் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தாள், எப்படிக் கேட்டது என்று வினோதினி இன்றுவரை கேட்கவில்லை. கேட்கத் துணிச்சலில்லை.

அன்று சாயங்காலமே டி.டி.பி. கடைக்குப் போய் ஸ்டிக்கர் அடித்தாள்: 'வேர்க்கடலை, முந்திரி, கோதுமை அரைக்கும் இயந்திரத்தில் அரைக்கப்பட்டது. இவை கலந்திருக்கக்கூடும்.' கட்டி விழாத முதல் டின் மாவை மட்டும் பாக்கெட்டில் அடைத்து, எல்லாவற்றிலும் பின்பக்கம், விலைக்குக் கீழே, சிறிய கறுப்பு எழுத்தில் ஒட்டினாள். முகப்பிலிருந்த பச்சை எழுத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள். அது பொய்யில்லையே, தான் சேர்க்கவில்லை என்பது நிஜம்தானே. சட்டத்துக்குப் பின்பக்கம், ஆசைக்கு முன்பக்கம். தமிழ்செல்விக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு முறை எழுதி இரண்டு முறை அழித்தாள். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பௌர்ணமி அன்று மாலை நாலரைக்கெல்லாம் கிரிவலப் பாதை நிறைந்துவிட்டது. வினோதினி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கறுப்புப் பர்தாவில் ஒரு பெண் வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்ததை அவள் முதலில் கவனிக்கவில்லை. மாவில்லாத அந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை.

"ரூக்ஸாரா? இங்க இன்னா பண்ற?"

"ரோடு அடைச்சுட்டாங்க, மில்லுக்கு யாரும் வரல. சும்மா உங்களப் பாக்கலாம்னு வந்தேன்க்கா."

ஒரு பாக்கெட்டை எடுத்து முன்பக்கம் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் படித்தாள். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். அவள் சொல்லாமல் விட்டது வினோதினியின் காதில் நன்றாகவே விழுந்தது.

ஐந்தே கால் இருக்கும், தமிழ்செல்வி வந்தாள். வெறுங்காலோடு, நெற்றி நிறைய விபூதியோடு, ஒரு கையில் எழில். கூட்டம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. "ஆறும் எடுத்து வச்சிருக்கீங்களாக்கா? எட்டு மாசமா இவ வெளி சாமான் எதுவும் சாப்பிட்டதில்ல" என்றவள், மேலாக இருந்த பாக்கெட்டை எடுத்து மகளின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "படி பாப்போம்."

"வேர்... க்கட... லை... சேர்க்... கப்பட... வில்லை" என்று குழந்தை எழுத்துக் கூட்டிப் படித்தது. படித்து முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

வினோதினி வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் என்ன சொல்வதற்காகத் திறந்தாள் என்று அவளுக்கே இன்னும் நிச்சயமில்லை. தமிழ்செல்வி அதற்குள் பையின் வாயை விரித்துப் பிடித்திருந்தாள்.

ரூக்ஸார் எழுந்தாள். பையில் விழப் போன பாக்கெட்டைப் பிடித்து, தமிழ்செல்வியின் கையிலேயே வைத்துப் பின்பக்கமாகத் திருப்பினாள். முன்பின் தெரியாத அந்தத் தாயின் கட்டைவிரலைப் பிடித்து, விலைக்குக் கீழே இருந்த சிறிய கறுப்பு எழுத்தின் மேல் வைத்தாள். கூட்டம் இடித்துக்கொண்டு போனது. தமிழ்செல்வி அந்த வரியைக் கடைசி எழுத்துவரை படித்து முடிக்கும்வரை அந்த விரலை அவள் விடவில்லை.